ஆறாவது கொம்பு

வேலூரிலிருந்து ஆம்பூர் போகிற பேருந்தில் மாதனூர் தாண்டியதும் ஒவ்வொருவராக ஷட்டரை இறக்கிவிடுவார்கள். வெயிலுக்காக அல்ல. தோல் பதனிடுகிற தோல்ஷாப்புகளின் வாடை ஷட்டருக்கெல்லாம் கட்டுப்படாது என்பது அவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு மரியாதைக்காக இறக்குவார்கள். ஜெஸ்டன் மட்டும் நீலகிரித் தைலத்தில் நனைத்த கைக்குட்டையால் வாயையும் மூக்கையும் சேர்த்துக் கட்டிக்கொள்வான். பல்வலிக்காரன் என்று நினைத்து இரக்கப்பட்டு இடம் கொடுத்தவர்கள் உண்டு.

அவனுக்கு மூக்குதான் விரோதி. பக்கத்து வீட்டில் தாளிப்பது கடுகா சீரகமா என்று நம் எல்லோருக்கும் தெரியும். தாளித்த எண்ணெய் நேற்றையதா போன வாரத்ததா என்பது அவனுக்குத் தெரியும். நாக்கு அதைவிட மோசம். தபால்தலையை நக்கி ஒட்டமாட்டான். அந்தப் பசை எதைக் காய்ச்சி எடுத்ததோ என்று ஒரு கவலை. இப்படிப்பட்டவன் உயிர்வேதியியலை எடுத்ததற்குக் காரணம் கல்லூரி விளக்கக் கையேட்டின் அட்டைப்படம்தான். அதில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் நீல நிறத் தண்ணீரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலத் தண்ணீருக்கு வாடை இருக்காது என்று நம்பி அவன் விண்ணப்பம் போட்டான்.

அதன் பலனாக, 1998ஆம் வருடம் எம்.ஃபில். மாணவனாக, மாட்டுக் கொம்புக்குள்ளிருந்து புழு பொறுக்கிக்கொண்டிருந்தான்.

அவனுடைய வழிகாட்டி பேராசிரியர் தேவானந்தம் கொடுத்த தலைப்பு அப்படி. உயிரணுவுக்குள் புரதங்களுக்குச் சர்க்கரையை ஒட்டிவிடுகிற நொதிகள் இருக்கின்றன. கல்யாண மண்டப வாசலில் கல்கண்டும் சந்தனமும் வைத்துக்கொண்டு நிற்கிற உறவினர் மாதிரி, வெளியே போகிற ஒவ்வொரு புரதத்துக்கும் அளவாக ஒரு சர்க்கரையைக் கொடுத்து அனுப்புவது அவற்றின் வேலை. புற்றுநோய் வந்த அணுவில் இந்த உறவினருக்குக் கை நிற்காது. சயாலிக் அமிலம் என்று ஒரு சர்க்கரை. இனிக்காது, ஆனால் சர்க்கரைதான். அதைக் கண்ட புரதத்துக்கெல்லாம் அள்ளி அப்பிவிடும். அணு மேலெல்லாம் சர்க்கரை பூசிக்கொண்டு நல்ல குடும்பத்துப் பிள்ளை போல ரத்தத்தில் உலாவரும். உடம்பின் காவல்காரர்கள் வணக்கம் வைத்து வழி விடுவார்கள். அந்த ஒட்டுகிற நொதி கட்டியில் எத்தனை மடங்கு கூடியிருக்கிறது என்று அளந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஜெஸ்டனின் ஆய்வு.

மனிதக் கட்டி வேண்டுமென்றால் ஆஸ்பத்திரிக் கமிட்டியில் ஏழு பேரின் கையெழுத்து வேண்டும். மாட்டுக்குக் கமிட்டி இல்லை. நம் பக்கத்து எருதுகளுக்குக் கொம்புப் புற்று என்று ஒன்று வருவது ஊரறிந்த விஷயம். கொம்பு ஒரு பக்கமாகச் சரியும், மாடு தலையை உதறும், மூக்கில் ரத்தம் வரும். பிறகு ஒருநாள் அது ஆம்பூருக்கு வந்து சேரும். பேராசிரியர் இதை எடுத்துச் சொல்லி, தேவன் நம் கைக்கு எட்டிய தூரத்திலேயே மூலப்பொருளை வைத்திருக்கிறார் என்றார். கை என்று அவர் சொன்னது ஜெஸ்டனுடைய கையை.

ஆம்பூரில் தோல் மண்டி வைத்திருந்த அப்துல் சமத், மாடு அறுக்கிற தொட்டியில் சொல்லிவைத்து, அப்படி ஒரு தலை வந்தால் கல்லூரிக்குப் போன் போட ஒப்புக்கொண்டார். சலவைச் சட்டை, அத்தர், நகத்தில் ஒரு துளி அழுக்கு இல்லாத விரல்கள். அந்த வட்டாரத்திலேயே ஜெஸ்டன் கைக்குட்டையை அவிழ்த்துவிட்டுப் பேசக்கூடிய ஒரே மனிதர்.

கொம்பை அறுத்துத் திறந்தால் உள்ளே காலிஃபிளவர் மாதிரி சதை வளர்ந்திருக்கும். அதன் இடுக்குகளில் சீழ். சீழுக்குள் புழு. புழுக்கள் சும்மாவும் இருக்காது. வெளிச்சம் பட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கும், வகுப்பில் ஆசிரியர் நுழைந்த மாதிரி. முதல் கொம்பின்போது ஜெஸ்டன் மூன்று முறை வாந்தி எடுத்தான். இரண்டாவதற்கு இரண்டு முறை. விடுதி மெஸ்ஸில் காலிஃபிளவர் பொரியல் போட்ட வியாழக்கிழமைகளில் அவன் உபவாசம் இருந்ததைப் பார்த்து, வார்டன் அவனைப் பக்திமான் என்று கணக்கில் எடுத்துக்கொண்டார்.

நான்கு மாதத்தில் ஐந்து கொம்புகள் கிடைத்தன. பேராசிரியர் ஆறு வேண்டும் என்றார். ஐந்து மாடு அனுபவம், ஆறு மாடு அறிவியல்.

ஐந்திலும் ஒரு சிக்கல் இருந்தது. மூன்று கட்டிகளில் நொதி நன்றாகவே கூடியிருந்தது. மற்ற இரண்டில், ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த நோயில்லாத நல்ல கொம்பில் இருந்த அளவுதான். சராசரி போட்டால் இரண்டு மடங்குகூட வரவில்லை. பேராசிரியரோ ஜனவரியிலேயே ஒரு மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பிவிட்டார். அதில் இரண்டரை மடங்கு என்று எழுதியிருந்தது. அப்போது கிடைத்திருந்தது ஒரே ஒரு கொம்பு.

ஜெஸ்டனுக்கு அவசரம் வேறு. ஆம்பூர்ப் பக்கம் புதிதாகத் தொடங்கிய கல்லூரியில் ஒரு விரிவுரையாளர் வேலை அவனுக்காக ஜூன் பத்தாம் தேதிவரை காத்திருந்தது. அதற்குள் எம்.ஃபில். முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் அந்த நாற்காலி வேறொருவருக்கு. ஏப்ரல் மாதக் கடைசி. நொதிக்குத் தீனியாகப் போடுகிற சர்க்கரைப் பொடி, பம்பாய்க்கு எழுதி ஏழு மாதம் கழித்து வந்தது, குப்பியின் அடியில் இன்னும் ஒரே ஒரு பரிசோதனைக்குத்தான் இருந்தது. ஒரு கொம்பு, ஒரு முறை. தவறினால் ஒரு வருடம்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அலுவலக எழுத்தர் ஜெயபுஷ்பம் ஆய்வகத்தில் தலையை நீட்டினார்.

“ஜெஸ்டன், உன் ஆளு போன் பண்ணாரு. கொம்பு வந்துருக்காம். சீக்கிரம் போ, ஆறிடப் போவுது.”

பக்கத்து மேசையில் ஃபீபி சிரித்தாள். அவள் திமிரி வேர்க்கடலையிலிருந்து ஒரு புரதம் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரித்தது பாதி, தின்றது பாதி. ஜெஸ்டன் புழு பொறுக்கும்போது அதே மேசையில் டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சம் சாதம் சாப்பிடக்கூடியவள். புழுவும் புரதம்தானே என்பாள்.

ஜெஸ்டன் ஐஸ் எடுத்துப்போகிற தெர்மாகோல் பெட்டியைத் தேடினான். இல்லை. பெட்டி பேராசிரியர் வீட்டில் இருந்தது. முந்தின ஞாயிறு சர்ச்சில் அவர் மகளுக்குத் திடப்படுத்தல் ஆராதனை; மதிய விருந்துக்கு ஐஸ்கிரீம் உருகாமல் இருக்கப் பெட்டியை வாங்கிப் போயிருந்தார். ஐந்து கொம்புகளின் கட்டிகள் சவாரி செய்த பெட்டி. ஜெஸ்டன் சைக்கிளில் வீட்டுக்குப் போய், பூட்டிக் கிடந்த கதவுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றான். கடைக்குப் போயிருந்த பேராசிரியரின் மனைவி வந்து பெட்டியைக் கொடுத்தார். உள்ளே வெனிலா மணத்தது. அடியில் பழக்கமான இன்னொன்றும் மணத்தது.

“குழந்தைங்க ஒரு சொட்டு விடாம வழிச்சு சாப்டுச்சுங்க தம்பி” என்றார் அவர்.

ஜெஸ்டன் ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

ஐஸ் வாங்கி, பேருந்து பிடித்து, மண்டிக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. அப்துல் சமத் ஜும்மாவுக்குப் போயிருந்தார். மண்டியில் பச்சைத் தோல்கள் இடுப்பளவு அடுக்கப்பட்டிருந்தன. தரையில் பழுப்பு நீர் ஓடி, சாக்கடையைத் தேடிக்கொண்டிருந்தது. உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் சம்பத் உட்கார்ந்திருந்தான். மாதனூர்க்காரன், நாற்பது வயது இருக்கும், முழங்கைவரை உப்பு பூத்த கைகள்.

ஜெஸ்டனைப் பார்த்ததும் எழுந்து, பிளாஸ்டிக் தாளில் மடித்த ஒரு பொட்டலத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தான்.

ஜெஸ்டன் பிரித்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்குக் குமட்டவில்லை. புழு ஒன்றுகூட இல்லை. சீழ் இல்லை. கொம்பிலிருந்து கட்டியைத் தனியாக எடுத்து, ஜவ்வையெல்லாம் சீவி, தண்ணீரில் அலசி, ஓரங்களைச் சீராக வெட்டி, இளஞ்சிவப்பாக, தீபாவளிக்கு வாங்கிய இனிப்பு மாதிரி இருந்தது. அதன்மேல், அடியில், இடுக்கில், மடிப்பில், எல்லாவற்றிலும் கல் உப்பு.

“உப்பு போட்டீங்களா?” என்றான் ஜெஸ்டன்.

“போடாம இன்னா சார். பாய் உங்ககிட்ட குடுக்கச் சொல்லிட்டுத் தொழுவப் போய்ட்டாரு. நீங்க வர்ற வழியக் காணோம். இந்த வெயில்ல வுட்டா நாறிடும் இல்ல. மூணு தபா தேய்ச்சிருக்கேன். பத்து நாள் ஆனாலும் ஒண்ணும் ஆவாது.”

அந்த மண்டியில் ஈரமான எதுவும் உப்பில்லாமல் தரையில் கிடக்கக்கூடாது. அது எழுதப்படாத சட்டம். பச்சையாக ஒன்றைப் பார்த்தால் சம்பத்தின் கை தானாக உப்புக்குப் போகும், நமக்குக் கொட்டாவி வந்தால் கை வாய்க்குப் போவது போல. அவன் செய்ததில் பிழை தோலுக்கு இல்லை, நொதிக்குத்தான். உப்பில் ஊறி, ஏப்ரல் வெயிலில் ஐந்து மணி நேரம் கிடந்த சதையில் நொதி உயிரோடு இருக்கும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. ஜெஸ்டன் இதை விளக்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். புழுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிய விரல்கள் அவன் முன்னால் நின்றுகொண்டிருந்தன.

“நம்ம மாடுதான் சார் இது” என்றான் சம்பத். “ஊட்ல இன்னொண்ணு கீது. இதோட தம்பி. அதுக்கும் வருமா வராதான்னு உங்க படிப்புல தெரிஞ்சா ஒரு வார்த்த சொல்லுங்க.”

சொல்கிறேன் என்றான் ஜெஸ்டன். பெட்டிக்குள் வைத்து மூடினான். உப்பும் வெனிலாவும் கலந்து பேருந்து முழுக்க அவனோடு வந்தன.

கல்லூரிக்குத் திரும்பியதும் பரிசோதனைப் புத்தகத்தில் ‘ஆறாவது மாடு, உப்பிட்டது’ என்று எழுதினான். அந்தப் பக்கத்தின்மேல் நாலைந்து கல் உப்பு சிந்தியது, தட்டிவிட்டான். வேறு கொம்புக்கு நேரமில்லை, வேறு பொடியும் இல்லை. உப்பை ஒருநாள் முழுக்கக் கழுவிப் பார்த்தான். குளிரறையில் அரைத்தான். கடைசிச் சர்க்கரைப் பொடியைக் கரைத்து ஊற்றினான். பக்கத்திலேயே பொடி போடாத ஒரு குழாயும் வைத்தான். அதற்குப் பெயர் பிளாங்க். சர்க்கரையே கொடுக்காத குழாயில் நிறம் வந்தால் அது சர்க்கரையின் நிறமல்ல. அந்த அளவைக் கழித்துவிட வேண்டும். முதல் ஐந்து மாடுகளுக்கும் பிளாங்க் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. கழிக்க ஏறக்குறைய ஒன்றுமில்லை.

கடைசியில் தயோபார்பிட்யூரிக் அமிலம் ஊற்றிக் கொதிநீரில் வைக்க வேண்டும். ஒட்டிய சர்க்கரை இருந்தால் ரோஜா நிறம் வரும்.

வந்தது. அந்த ஆய்வகம் அதுவரை பார்த்திராத ரோஜா. பாலில் கலந்து ஐஸ் போட்டுக் குடிக்கலாம் போல இருந்தது. நிறமானியில் வைத்தான்: 0.44. நல்ல கொம்பு 0.07, அதுவரை வந்த அதிகபட்சமே 0.18.

“அடப்பாவி, கோல்ட் மெடல்தான்” என்றாள் ஃபீபி.

பிறகு அவன் பிளாங்க் குழாயை எடுத்தான். அதுவும் ரோஜா. 0.41.

ஃபீபி கடலை மெல்வதை நிறுத்தினாள். இருவரும் இரண்டு குழாய்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். எது சர்க்கரை கொடுத்தது, எது கொடுக்காதது என்று கண்ணால் சொல்ல முடியவில்லை.

பதிலைக் கண்டுபிடித்தது ஜெஸ்டனின் மூக்கு. குழாயை முகர்ந்ததும் அவனுக்குக் கல்லூரிக் கேன்டீன் ஞாபகம் வந்தது. உப்பு பட்ட கொழுப்பு வெயிலில் கெட்டு, பழைய எண்ணெய் மாதிரி சிக்குப் பிடித்துவிட்டது. சிக்கெடுத்த கொழுப்புக்கும் இந்த அமிலம் அதே ரோஜா நிறத்தைக் காட்டும் என்று புத்தகத்தின் அடிக்குறிப்பில் ஒரு வரி உண்டு. அடிக்குறிப்பு என்பதால் யாரும் படிப்பதில்லை. உறுதி செய்துகொள்ள அவன் கேன்டீனுக்குப் போய், போண்டாச் சட்டியிலிருந்து ஒரு கரண்டி எண்ணெய் கேட்டான். காது வலிக்கு என்று சொன்னான். கொண்டுவந்து ஒரு குழாயில் விட்டு, அதே அமிலத்தை ஊற்றிக் கொதிக்கவைத்தான்.

போண்டாவுக்கு 0.52. இதுவரை ஆராய்ந்த எந்த மாட்டையும்விட மோசமான புற்றுநோய்.

திங்கட்கிழமை மூன்று குழாய்களையும் தாங்கியில் வைத்து எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனான். செய்தி முன்னாலேயே போயிருந்தது. ஜெயபுஷ்பத்துக்குத் தெரியாமல் அந்தத் துறையில் ஒரு குழாய்கூட நிறம் மாறியதில்லை. பேராசிரியர் எழுந்து நின்று கை கொடுத்தார். முதலில் ஜெபம் செய்தார். அதன்பிறகு கேன்டீனிலிருந்து போண்டா வரவழைத்திருப்பதாகச் சொன்னார். மேசையில் தட்டு இருந்தது. எண்ணெய் கசிந்து, கீழே விரித்திருந்த செய்தித்தாளில் ஒரு தலைவரின் முகம் கண்ணாடியாகியிருந்தது.

ஒரு போண்டாவைக் கடித்தபடியே அவர் தாங்கியைப் பார்த்தார். விரல் நேராக மூன்றாவது குழாய்க்குப் போனது.

“பியூட்டிஃபுல். இது எந்த மாடு?”

“கேன்டீன் சார்.”

பேராசிரியரின் வாய் பாதியில் நின்றது. ஜெஸ்டன் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். உப்பு, வெயில், சிக்கெடுத்த கொழுப்பு, பிளாங்க், எண்ணெய். கழித்துப் பார்த்தால் ஆறாவது மாட்டில் மிச்சம் 0.03, அது நல்ல கொம்பைவிடக் கம்மி என்றான். தெர்மாகோல் பெட்டி ஏன் தாமதமானது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவர் கோபப்படவில்லை. கடித்ததை மென்று முடித்தார். விரல்களை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் துடைத்தார். பிறகு, ஒரு தாயின் பொறுமையோடு, ஆறையும் சேர்த்தால் சராசரி என்ன வருகிறது என்று கேட்டார். கழிக்காமல் போட்டால் இரண்டரை மடங்கு வந்தது. அவர் சுருக்கத்தில் எழுதியிருந்த அதே இரண்டரை.

“பார்த்தியா” என்றார்.

மற்ற ஐந்துக்கும் பிளாங்க் கழித்திருக்கிறதே என்றான் ஜெஸ்டன்.

“அப்ப எதுக்குமே கழிக்காத. யூனிஃபார்மா இருக்கும். பிளாங்க்னு ஒரு வார்த்தையே தீசிஸ்ல வேணாம், யாரும் கேக்கமாட்டாங்க.” அவர் நாட்காட்டியைப் பார்த்தார். “ஜூன் பத்து இல்ல? அந்தக் காலேஜ் கரஸ்பாண்டன்ட் எங்க சபைதான், தம்பி. நான் சொல்லி வச்சிருக்கேன். இந்த வாரம் டைப்புக்குக் குடுத்தா, நான் அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டுடுறேன்.”

சொல்லிவிட்டுத் தட்டை ஜெஸ்டன் பக்கம் தள்ளினார்.

தட்டில் ஐந்து போண்டாக்கள் மிச்சம் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் என்ன இருக்கிறது என்று அந்த அறையில், ஏன், அந்த மாவட்டத்திலேயே, அவன் ஒருவனுக்குத்தான் எண்ணால் தெரியும். வாடை மூக்கில் ஏறி நெற்றிக்குள் போய் நின்றது. புழு பொறுக்கியபோது வராத வியர்வை கழுத்தில் வழிந்தது. மறுத்துவிட்டு வெளியே போயிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது.

ஜெஸ்டன் ஒரு போண்டாவை எடுத்துக் கடித்தான். மென்றான். விழுங்கினான்.

“நல்லாருக்குல்ல?” என்றார் பேராசிரியர்.

நன்றாக இருக்கிறது சார் என்றான்.

அவன் வாந்தி எடுக்கவில்லை. அன்றைக்கு எடுத்திருந்தால் தேவலை என்று பிறகு பல தடவை நினைத்ததுண்டு. ஆய்வகத்துக்குத் திரும்பி, எழுதியிருந்த ஐந்து அட்டவணைகளிலிருந்தும் பிளாங்க் பத்தியை அடித்தான், ஆறாவது மாட்டின் 0.41ஐயும் அடித்தான். ஃபீபி பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் ஒரு மணிக்கு டிபன் பாக்ஸை எடுத்தாள். சீழுக்கும் புழுவுக்கும் பக்கத்தில் நான்கு மாதம் உட்கார்ந்து சாப்பிட்டவள், அன்று பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அறையின் மறுகோடி மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். அவள் படிப்பு முடிகிறவரை அங்கேதான் சாப்பிட்டாள்.

ஜூன் பத்தாம் தேதி ஜெஸ்டன் வேலையில் சேர்ந்தான். மறுவருடம் ஒரு பத்திரிகையில் கட்டுரையும் வந்தது. ஜெஸ்டன், தேவானந்தம் என்று இரண்டு பெயர். சம்பத்துக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஆம்பூர் போகும்போதெல்லாம் நினைப்பான். மண்டி இருக்கிற தெருவை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு பேருந்து நிலையம் போவான். வாடை தாங்கவில்லை என்று காரணம் வைத்திருந்தான்.

2004இல், ஒரு ஆகஸ்ட் மாதம், கல்லூரி முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. மோகனா என்று ஒரு பெண். தெற்கே ஏதோ ஒரு கால்நடைக் கல்லூரியில் ஆய்வு மாணவி. மதிப்புக்குரிய ஐயா என்று தொடங்கியிருந்தாள். தங்கள் கட்டுரையை அடிப்படையாக வைத்துத்தான் என் ஆய்வே நடக்கிறது. இரண்டு வருடமாகப் பதினொரு எருதுகளின் கொம்புகளைத் திறந்துவிட்டேன். தங்களுக்கு வந்த இரண்டரை மடங்கு எனக்கு ஒருமுறைகூட வரவில்லை. சிலவற்றில் கூடியிருக்கிறது, சிலவற்றில் இல்லை. என் கை சுத்தமில்லை, அதனால்தான் வரவில்லை என்கிறார் என் வழிகாட்டி. இருபது ஆகும்வரை திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லியிருக்கிறார். இரண்டு கையுறை போட்டாலும் வாடை போகிறதில்லை ஐயா. சோறு இறங்குவதில்லை. தாங்கள் பிளாங்க் வைத்த விவரம் கட்டுரையில் விடுபட்டிருக்கிறது, அச்சுப்பிழையாக இருக்கும். அதைத் தெரிவித்தால் நான் எங்கே தவறு செய்கிறேன் என்று எனக்குப் புரியும்.

ஜெஸ்டன் ஓய்வறையில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தான். பதினொரு கொம்புகள். வெளிச்சம் பட்டதும் தலையைத் தூக்குகிற அத்தனையும். தன்னைப் போலவே சோறு இறங்காத ஒருத்தி, சிக்கெடுத்த கொழுப்பு காட்டிய இரண்டரை மடங்கை எட்டிப்பிடிக்க, பன்னிரண்டாவது கொம்புக்குள் கையை விடப்போகிறாள். அவள் கை சுத்தமில்லையாம்.

முதலில் ஒரு பதில் எழுதினான். திசு புதியதாக இருப்பது மிக முக்கியம், எப்போதும் ஐஸில் வைக்கவும், வாழ்த்துகள். மரியாதையான பதில். மடிக்கும்போது அதிலிருந்து வெனிலா வாடை வந்தது. கிழித்துப்போட்டான்.

வீட்டில் பரண்மேல் ஏறி, பழைய பரிசோதனைப் புத்தகத்தை எடுத்தான். உப்பு சிந்திய பக்கம் ஈரம் கோத்து உலர்ந்து அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. விரலால் தடவினால் நெறநெறத்தது. அவன் கையெழுத்துதான்: ஆறாவது மாடு, உப்பிட்டது. 0.44. அதற்குக் கீழே, ஒரு கோடு போட்டு அடித்தும் நன்றாகவே தெரிந்த 0.41.

இரண்டு எண்களையும் எழுதினான். மற்ற ஐந்தையும் பிளாங்க்கோடு எழுதினான். உப்பு போட்ட கதையை எழுதினான்; போட்டவர்மேல் பிழை இல்லை என்று தனி வரியாக எழுதினான். போண்டா 0.52 என்று எழுதியபோது, இதை அவள் நம்பமாட்டாளே என்று தோன்றியது. அடைப்புக்குறிக்குள் இது வேடிக்கை அல்ல என்று சேர்த்தான். உங்கள் கையில் தவறு இல்லை, உங்கள் பதினொன்றும்தான் சரி, என்னுடைய ஆறாவது பொய் என்று முடித்துக் கையெழுத்துப் போட்டான். கீழே பதவியும் போட வேண்டியிருந்தது. விரிவுரையாளர் என்று எழுதுகையில் பேனா கொஞ்சம் தயங்கியது. இந்தக் கடிதத்துக்குப் பிறகு அந்தச் சொல் எத்தனை நாளைக்கு என்று அதற்கும் தெரியவில்லை. அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அந்த எம்.ஃபில். தான். ஒரு நகல் பத்திரிகை ஆசிரியருக்கு. ஒரு நகல் தேவானந்தம் சாருக்கு. அவர் இப்போது துறைத்தலைவர்.

ஆம்பூர்த் தபால் அலுவலகத்தில் பசைக் கிண்ணம் காய்ந்து கிடந்தது. நடுவில் குச்சி நட்டமாக நின்றது. அதன் உச்சியில் ஒரு ஈ. தண்ணீர் கேட்டான். குழாயில் வரவில்லை என்றார் கவுன்ட்டரில் இருந்த அம்மா.

“நக்கி ஒட்டுங்க சார். எல்லாரும் அப்டித்தான் ஒட்றாங்க.”

உறைகளில் தடவுகிற பசை தோல்ஷாப்பில் சீவிப்போட்ட ஜவ்வைக் காய்ச்சி எடுப்பது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. உண்மையோ பொய்யோ, அதை நம்பி அவன் முப்பது வருடமாக எதையும் நக்கியதில்லை. சிறிது நேரம் நின்றான். பின்னால் வரிசை சேர்ந்தது, யாரோ இருமினார்கள்.

முதல் உறையை எடுத்து, முனையிலிருந்து முனைவரை நாக்கால் நக்கி ஒட்டினான். கசந்தது. இரண்டாவதையும் ஒட்டினான். மூன்றாவதுக்கு வாய் உலர்ந்துவிட்டது. அது பேராசிரியருக்குப் போகிற உறை. வரிசையில் இருந்தவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, எச்சில் ஊறும்வரை நின்று, அதையும் ஒட்டினான்.